மூன்று மாத விடுமுறை: கணக்கெடுப்பா, ஆய்வுத் திட்டமா, விலங்குநல அமைப்பா?

ஏப்ரல் பிறந்தால் போதும், சிங்கப்பூர் மாணவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, தேர்வு முடிஞ்சு மூணு மாசம் இருக்கு. கடற்கரைக் கணக்கெடுப்புக்குப் போகவா, பேராசிரியர்கிட்ட ஆய்வு கேட்கவா, இல்ல ஏக்கர்ஸ் மாதிரி ஒரு விலங்குநல அமைப்புல சேரவா?" போன வாரம் கேட்டவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். தேக்கா கோப்பிக்கடையில் ஒரு மணி நேரம் பேசினோம். சொல்லவேண்டியதில் பாதி வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதனால் இந்தக் கட்டுரை.

மூன்றையும் ஏதோ ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். ஒன்றில் நிலைத்தேன், ஒன்றைச் சுமாராக முடித்தேன், ஒன்றிலிருந்து பாதியில் ஓடிவந்தேன்.

## எதை வைத்து அளப்பது

"எது பிடிக்கும்?" என்ற கேள்வி இங்கே உதவாது. நீர்நாயைப் பிடிக்காதவர் இந்த ஊரில் யார்? நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, நீங்கள் யாருடைய கேள்விக்கு வேலை செய்யப்போகிறீர்கள் என்பது. கணக்கெடுப்பில் கேள்வியை வேறொருவர் முன்பே கேட்டுவிட்டார், நீங்கள் எண்ணித் தருகிறீர்கள். ஆய்வில் கேள்வியை நீங்களே உருவாக்கப் பழகுகிறீர்கள். விலங்குநல அமைப்பில் கேள்வி தொலைபேசியில் வருகிறது, "எங்க வீட்டு வாசல்ல பாம்பு, என்ன செய்றது?" என்று. மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

அப்புறம் வேலை எந்த நேரத்தில் வருகிறது, கையிலிருந்து எவ்வளவு போகிறது, முடிவில் உங்கள் பெயரில் என்ன நிற்கிறது, மனத்தில் என்ன தங்குகிறது. வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் அனுமதி அட்டையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

## முதல் வழி: தன்னார்வக் கணக்கெடுப்பு

இதற்குள் பல வகை உண்டு. தேசியப் பூங்காக் கழகம் பறவை, வண்ணத்துப்பூச்சி, தட்டான் கணக்கெடுப்புகளை நடத்துகிறது. பயிற்சி தருவார்கள், கட்டணம் இல்லை. அனைத்துலகக் கரையோரத் துப்புரவு சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கியது. அதில் குப்பை பொறுக்குவது பாதி வேலைதான். எத்தனை நெகிழிப் பை, எத்தனை உறிஞ்சுகுழாய் என்று வகைவகையாக எண்ணி அட்டையில் எழுதுவது மறுபாதி. அதைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தவர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் என். சிவசோதி, 'ஆட்டர்மேன்' என்று ஊரே அழைப்பவர். கிராஞ்சிப் பக்கத்துச் சேற்றுநிலத்தில் இயற்கைச் சங்கத்தார் கைவிடப்பட்ட வலைகளில் சிக்கிய குதிரைலாட நண்டுகளை விடுவிப்பார்கள். விடுவிக்கும் முன் ஒவ்வொன்றையும் அளந்து குறித்துக்கொள்வார்கள். மீட்பும் ஆய்வும் ஒரே காலைப்பொழுதில் நடக்கும் இடம் அது. எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே.

ஆனால் இந்த வழியின் சுபாவம் புரியவேண்டுமானால் கடற்புல் கணக்கெடுப்பைத்தான் சொல்லவேண்டும். ஐம்பது மீட்டர் நாடாவை மூன்று வரிசையாக விரிப்பார்கள். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர்ச் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே எத்தனை விழுக்காடு புல், என்ன இனம், எவ்வளவு நீளம் என்று எழுதவேண்டும். மூன்று வரிசைக்கு மொத்தம் 33 சட்டங்கள். அடுத்த முறையும் அதே இடம், அதே 33. சலிப்பான வேலைதான், ஒளிக்க ஒன்றுமில்லை. பத்தாவது சட்டத்தில் முதுகு வலிக்கும், இருபதாவதில் "ஏன் வந்தோம்" என்று தோன்றும். நடுவில் ஒரு குழிநண்டோ கடற்குதிரையோ தென்பட்டால் எல்லாம் மறந்துபோகும்.

நேரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கடல் நன்றாக வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. உங்கள் விடுமுறை விழும் ஆண்டின் நடுப்பகுதியில் அது விடியலுக்கு முன்னால் வரும். முதல் எம்ஆர்டி ரயில் கிளம்பும்போது நீங்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கவேண்டியிருக்கும். ஆக, டாக்சி. இலவசம் என்று போகும் வேலையில் என் மிகப்பெரிய செலவு டாக்சிதான். உட்லண்ட்ஸிலிருந்து சாங்கிக்கு அந்த நேரத்துக் கூடுதல் கட்டணத்தோடு போய்ப் பாருங்கள், தெரியும். உபின் தீவுக்குப் போகும் படகு ஆளுக்கு 4 வெள்ளி என்பது அதன் முன் ஒன்றுமே இல்லை. கல்மீன் முள் தைக்காமலிருக்கத் தடித்த அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். ரப்பர் செருப்போடு வருபவரைத் திருப்பி அனுப்பினாலும் குறை சொல்ல முடியாது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு: உங்கள் பெயர் எங்கும் வராது. நீங்கள் எழுதிய எண்கள் பெரிய அட்டவணை ஒன்றில் கரைந்துவிடும். தன்விவரக் குறிப்பில் ஒரு வரி நிற்கும், அவ்வளவே.

அந்த எண்கள் வீண் என்று மட்டும் நினைக்கவேண்டாம். 2001-ல் உபின் தீவின் செக் ஜாவாவில் கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் திட்டம் தயாராக இருந்தது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தாரும் தன்னார்வலர்களும் கடல் வற்றும்போதெல்லாம் போய், என்னென்ன உயிர்கள் அங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். முதலில் யாரும் அதைக் காப்பாற்றும் நம்பிக்கையோடு போகவில்லை, அழியுமுன் பதிந்துவைப்போம் என்றுதான் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007-ல் அங்கே பலகை நடைபாதை திறந்தது. கூட்டங்களும் கடிதங்களும் அந்த முடிவுக்கு உதவின என்பது சரி. ஆனால் கையில் பட்டியல் இல்லாமல் கடிதத்தில் எதை எழுதியிருப்பார்கள்?

எவருக்கு இது ஏற்றது: முதலாம் ஆண்டு மாணவர், இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர், பகுதிநேர வேலை பார்ப்பவர். மாதத்துக்கு இரண்டு மூன்று விடியற்காலைகள் போதும். ஒரு முறை போகாவிட்டாலும் உலகம் இடிந்துவிடாது.

## இரண்டாம் வழி: பேராசிரியரோடு ஆய்வுத் திட்டம்

தேசியப் பல்கலைக்கழகத்தில் 'யூரோப்ஸ்', நன்யாங்கில் 'யுரேக்கா' என்று இளநிலை மாணவர்க்கே ஆய்வுத் திட்டங்கள் உண்டு. இறுதியாண்டுத் திட்டம் வேறு. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் கடைசி ஆண்டில் ஆய்வுப்பணி இருக்கும். இங்கே வேலை மதிப்பெண்ணாக மாறும். நல்லபடியாகப் போனால் ஆய்வுக்கட்டுரையில் பெயரும் வரும்.

ஒரு மாணவரின் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ராஃபிள்ஸ் பட்டைக்குரங்கு. மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் வாழும் அந்தக் கருங்குரங்கைப் பற்றி அதிகம் தெரியாத காலத்தில், ஆண்டி ஆங் தேசியப் பல்கலைக்கழக முதுநிலை மாணவியாக அதை எண்ணப் போனார். அப்போது கிடைத்த கணக்கு ஏறக்குறைய நாற்பது. பிறகு மரத்தடியில் விழுந்த சாணத்தைச் சேகரித்து, அதிலிருந்து மரபணுவைப் படித்து, இங்குள்ள குரங்கு தனி இனம் என்று காட்டும் ஆய்விலும் பங்கெடுத்தார். பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே குரங்குகள் கடக்கக் கட்டியிருக்கும் கயிற்றுப் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். எண்ணிக்கை இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. குரங்குச் சாணம் பொறுக்குவது பட்டப்படிப்பா என்று வீட்டில் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். என் அம்மா கேட்டது வேறு மாதிரி: "படிக்கப் போனியா, குரங்கு பிடிக்கப் போனியா?"

சரி, எல்லோருக்கும் குரங்கு கிடைக்காது. எனக்குக் கிடைத்தது புட்டி. சதுப்புநிலக் காட்டில் கூடாரம் போன்ற பொறியில் விழுந்த பூச்சிகள், சாராயம் நிரம்பிய புட்டிகளில் வந்து சேரும். நுண்ணோக்கியின் கீழ் ஈ ஒரு பக்கம், குளவி ஒரு பக்கம் எனப் பிரிக்கவேண்டும். ஆறு வாரம். காட்டுக்குள் நான் கால்வைத்தது இரண்டே நாள். இப்படிப் பொறுமையாகப் பிரித்த மாதிரிகளை வைத்துத்தான் சிங்கப்பூரின் சதுப்புநிலக் காடுகளில் 3,000-க்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள் இருப்பதாகக் கண்டார்கள் என்று பின்னால் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு வாரத்தில் பெருமை எதுவும் தோன்றவில்லை, கழுத்துதான் வலித்தது.

மறைசெலவுகளில் பெரியது காத்திருப்பு. இயற்கை வனப்பகுதியிலோ பூங்காவிலோ ஆய்வு செய்யத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். முதுகெலும்புள்ள விலங்கைத் தொடுவதென்றால் பல்கலைக்கழகத்தின் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தரவேண்டும். விடுமுறை மூன்று மாதம், அனுமதி வரப் பாதி விடுமுறை போய்விட்டால் என்ன செய்வீர்கள்? எனக்கு அதுதான் நடந்தது. என் மேற்பார்வையாளர் விண்ணப்பத்தைத் தாமதமாக அனுப்பினார். தவளைகளைத் தேடிப் போகவேண்டியவள் புட்டிகளோடு உட்கார்ந்தேன். அவர்மேல் கோபம் இன்று இல்லை. ஆனால் சேரும் முன் "அனுமதி கையில் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நீங்கள் கேளுங்கள்.

புள்ளியியலையும் மறக்கவேண்டாம். புள்ளியியலுக்கான 'ஆர்' நிரல்மொழி தெரியாமல் போனால் கடைசி மூன்று வாரம் கண்ணீர்தான். மார்ச்சிலேயே தொடங்கிவிடுங்கள்.

எவருக்கு ஏற்றது: மேற்படிப்பு எண்ணம் இருப்பவர், ஒரே விஷயத்தை நாள்கணக்கில் உற்றுப் பார்க்க முடிபவர். உழைத்த பிறகு "வித்தியாசம் எதுவும் இல்லை" என்பதே முடிவாக வந்தாலும் அதையும் எழுதத் தயாராக இருக்கவேண்டும்.

## மூன்றாம் வழி: விலங்குநல அமைப்பு

2001-ல் தொடங்கிய ஏக்கர்ஸ் காட்டுவிலங்குகளை மீட்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ, பூனை நலச் சங்கம், நீண்டவால் குரங்குகளைப் பற்றி மக்களுக்கு விளக்கும் ஜேன் குடால் நிலையம் என இன்னும் பல. தமிழ் வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஏக்கர்ஸின் தலைமைப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவர் அன்பரசி பூபால். "நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் உறவினர்களுக்கு அந்தப் பெயரே போதும்.

இங்கே விலங்கைவிட மனிதரோடுதான் அதிக நேரம் போகும். பக்கத்து வீட்டுக்காரர் மரநாயைக் கண்டு அலறுகிறார், கீழ்வீட்டுக்காரர் புறாவுக்குச் சோறு போடுகிறார். காட்டுவிலங்குக்கு உணவளித்தால் முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் என்று அவருக்குச் சண்டையில்லாமல் சொல்லவேண்டும். தமிழ் பேசத் தெரிந்தவருக்கு இங்கே தனி மதிப்பு. கட்டுமானத் தளத்தில் மலைப்பாம்பு வந்தபோது, புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடம் "அண்ணே, அது விஷப்பாம்பு இல்ல, கம்பைக் கீழே போடுங்க, வண்டி வருது" என்று சொன்னது அந்த மூன்று மாதத்தில் நான் செய்த உருப்படியான காரியம்.

சட்டம் மாறுவதையும் இங்கேதான் கிட்டத்தில் பார்க்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பரிலிருந்து உரிமத்தோடு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். அதற்குப் பின்னால் இருப்பது பல ஆண்டு நச்சரிப்பு. நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்.

ஆய்வு தெரியாமல் வாதாடினால் என்ன ஆகும் என்பதற்கு 2017-ன் சின் மிங் கோழிகளைப் பாருங்கள். சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்து 24 கோழிகளை அதிகாரிகள் கொன்றார்கள். ஊர் கொதித்தது. ஆனால் விவாதம் சீக்கிரமே, அவை வீட்டுக்கோழியா, இந்தத் தீவில் இயற்கையாகவே வாழும் காட்டுக்கோழியா, இரண்டும் கலந்ததா என்ற இடத்தில் போய் நின்றது. அதற்குப் பதில் சொல்லக் கோபம் போதாது, மரபணு தெரிந்த ஆள் வேண்டும்.

மறைசெலவு மனம். நான் ஓடிவந்தது இங்கிருந்துதான். எலிக்கு வைத்த பசைப் பொறியில் மைனாக்கள் சிக்கி வரும். எண்ணெய் தடவி ஒவ்வோர் இறகாகப் பிரிப்பீர்கள், மறுநாள் காலை கூண்டில் அசைவிருக்காது. கண்ணாடிக் கட்டடத்தில் மோதி விழும் நீலச்சிறகு பிட்டாவும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஆறுமணிக் குருவி என்பார்களே, அதன் உறவுப் பறவை. வலசைக் காலத்தில் இங்கே வந்து இப்படிச் சாகும். ஒரே வாரத்தில் ஐந்து. பிறகு நான் போகவில்லை. விடைபெறக்கூட இல்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது. பயிற்சி தந்து ஆளை உருவாக்கிய அமைப்புக்கு அது பெரிய நட்டம். ஆறு மாதமாவது வர முடியாதென்றால் மீட்புப் பணியில் சேராதீர்கள். கண்காட்சி மேசை, சமூக ஊடகம், மொழிபெயர்ப்பு என்று வேறு வேலைகளும் அங்கே நிறைய உண்டு.

வெளிநாட்டு மாணவர்களுக்குச் சொல்வதாகச் சொன்னது இது. தன்னார்வத் தொண்டுக்குத் தடையில்லை. ஆனால் ஹோங் லிம் பூங்காவில் பேச்சாளர் சதுக்கத்தில் நடக்கும் கூட்டங்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் கலந்துகொள்ளலாம். 2019 செப்டம்பரில் அங்கே நடந்த பருவநிலைப் பேரணிக்கு என் திருச்சித் தோழி வர ஆசைப்பட்டாள், வேண்டாம் என்று சொன்னோம். உங்கள் குரலைக் கணக்கெடுப்பிலும் ஆய்விலும் காட்டுவது உங்களுக்கு நல்லது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கணக்கெடுப்பு | ஆய்வுத் திட்டம் | விலங்குநல அமைப்பு |
|---|---|---|---|
| கேள்வி யாருடையது | ஏற்பாட்டாளருடையது | பாதி பேராசிரியர், பாதி நீங்கள் | அழைப்பவருடையது |
| நேரம் | மாதம் இரண்டு மூன்று விடியல் | வாரநாள் முழுக்க | முறைவைத்து, பல மாதம் |
| மறைசெலவு | டாக்சி, தூக்கம் | அனுமதிக்காகக் காத்திருப்பு | மனச்சோர்வு |
| கையில் நிற்பது | இனம் அறியும் கண் | மதிப்பெண், அறிக்கை | பேசிப் புரியவைக்கும் திறமை |
| பாதியில் விட்டால் | பெரிதாகப் பாதிப்பில்லை | மதிப்பெண் போகும் | அமைப்புக்கு நட்டம் |

நான்காவதாக ஒன்றைச் சிலர் கேட்கிறார்கள்: ஆயிரக்கணக்கில் கட்டி வெளிநாடு போய் யானையைக் குளிப்பாட்டும் 'பாதுகாப்புப் பயணம்'. யானையைத் தொடவிடும் இடம் யானைக்காக நடத்தும் இடமாக இருப்பது அரிது. அந்தப் பணத்துக்கு எத்தனை டாக்சி பிடிக்கலாம் என்று நான் கணக்குப் பார்ப்பேன்.

## அவளுக்கு என்ன சொன்னேன்

இரண்டாம் ஆண்டு, மேற்படிப்பு ஆசை இருக்கிறது, மூன்றாம் ஆண்டில் ஆய்வுத் திட்டம் எப்படியும் வரும். அவளுக்கு என் யோசனை: இந்த விடுமுறையில் கடற்கரைக் கணக்கெடுப்பு. கூடவே, பிடித்த ஆய்வுக் குழுவின் பேராசிரியருக்கு இப்போதே ஒரு மடல், அடுத்த ஆண்டுக்காக. மடலில் "எனக்கு இயற்கைமேல் ஆர்வம் அதிகம்" என்று எழுதவேண்டாம், எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். கணக்கெடுப்பில் நீங்களே பார்த்து, ஏன் என்று புரியாமல் போன ஒரு விஷயத்தை எழுதுங்கள். போன மாதம் இருந்த புல் இந்த மாதம் ஏன் மெலிந்திருக்கிறது என்பது போல.

விலங்குநலம்? அவள் அம்மாவுக்குப் பூனை ஆகாது, அவளுக்கோ பார்க்கும் உயிரெல்லாம் வீட்டுக்கு வரவேண்டும். மீட்புப் பணியை ஓராண்டு தள்ளிப்போடச் சொன்னேன். முகம் சுருங்கியது. "அப்ப சனிக்கிழமை கண்காட்சி மேசையில மட்டும் உட்காரவா?" என்றாள். உட்காரலாம், அதுவும் வேலைதான்.

ஆனால் உங்களுக்குக் காடும் வேண்டாம் நுண்ணோக்கியும் வேண்டாம், சட்டமோ சமூகப் பணியோ படிக்கிறீர்கள் என்றால், இந்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக மூன்றாம் வழிக்குப் போங்கள். இறுதியாண்டில் இருந்து கையில் ஆய்வே இல்லாதவர் இரண்டாம் வழியைத் தவிர எதையும் யோசிக்க வேண்டாம், அனுமதி தேவைப்படாத கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மோதி விழுந்து கிடக்கும் பறவைகளை எண்ணுவதற்கு யாரும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. பறவையைத் தொடாதீர்கள், படம் எடுத்து லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை எடுத்து மே, ஜூன் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் வட்டம் போட்டுவையுங்கள். அந்த நாள்களின் முந்தைய இரவு திருமண விருந்து எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.